காபா-ஏ ஆல்ஃபா-1 ஆன்டிபாடி: பிளாட்டில் ஒரே பட்டை, சீவலில் வெறும் மூடுபனி. ஏன்?

சீவல்40 | 3 மார்ச், காலை 11.20

சுண்டெலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. திசுவைக் கெட்டிப்படுத்த (ஃபிக்ஸ் பண்ண) 4% பாராஃபார்மால்டிஹைடை இதயம் வழியாக ஏற்றி, மூளையை எடுத்து இரவு முழுக்க அதே கரைசலில் போட்டு, பிறகு 40 மைக்ரான் சீவல். காபா-ஏ ஏற்பியின் (நியூரானை அடக்கும் ஏற்பி) ஆல்ஃபா-1 துணையலகைப் பிடிக்க முயலில் உண்டாக்கிய ஆன்டிபாடி, 1:500. மற்றவர்கள் படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கிறது. எனக்கு வருவது மூடுபனி. செல் உடல்தான் மின்னுகிறது, அதிலும் சில இன்டர்நியூரான்கள் (அருகிலுள்ள செல்களை அடக்கும் நியூரான்கள்) ரொம்ப. ஆனால் இதே ஆன்டிபாடி வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை எடைப்படி ஜெல்லில் பிரித்துப் பார்ப்பது) 51 கிலோடால்டனில் ஒரே பட்டை, அத்தனை சுத்தம். ஆகவே ஆன்டிபாடி சரியாகத்தான் இருக்க வேண்டும். வேறு கம்பெனிக்கு மாறலாமா? எது நல்லது?

கெஃபிரின்93 | 3 மார்ச், பகல் 1.05

கம்பெனியை மாற்ற வேண்டாம். அந்த "ஆகவே"தான் கோளாறு.

பிளாட்டில் புரதம் எஸ்.டி.எஸ். என்ற சோப்பில் பிரிந்து நூலாகக் கிடக்கிறது. சீவலில் அதே புரதம் மடிந்து, ஐந்து துணையலகுகளாகக் கூடி, சினாப்ஸின் (இரண்டு நியூரான் சந்திக்கும் இடம்) புரத நெரிசலுக்குள் சிக்கிக் கிடக்கிறது. அதன்மேல் ஃபார்மால்டிஹைடு போட்ட தையல் வேறு. அங்கே பிடித்தது இங்கேயும் பிடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தலைகீழாகவும் நடக்கும்: சீவலில் பிரமாதமாகப் புள்ளி காட்டுவது பிளாட்டில் வெள்ளைத்தாள்.

உங்கள் படத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பார்வல்புமின் புரதம் உள்ள இன்டர்நியூரான்களில் ஆல்ஃபா-1 இயல்பிலேயே அதிகம். அவை பளிச்சென்று தெரிகின்றன என்றால் ஆன்டிபாடி ஆளைக் கண்டுகொள்கிறது, சினாப்ஸுக்குள்தான் நுழைய முடியவில்லை. நீங்கள் பார்க்கும் மூடுபனி, சினாப்ஸுக்கு வெளியே பரவிக் கிடக்கும் ஏற்பியும், செல்லுக்குள் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும் ஏற்பியும்.

குற்றவாளி அந்த ஓர் இரவு. எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி: எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) எங்கே இருக்கிறது, திசுவை எவ்வளவு நேரம் ஃபிக்ஸ் பண்ணினீர்கள்.

கெஃபிரின்93 | 3 மார்ச், பகல் 1.30

கையில் இருக்கும் சீவல்களைத் தூக்கிப் போட வேண்டாம். புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினைப் போட்டு, மூடிய எபிடோப்பைத் திறந்து பாருங்கள்.

மிதக்கும் சீவல்களை 37 டிகிரியில் பாஸ்பேட் சலைனில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பெப்சினை 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து அதையும் 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மில்லிக்கு 0.5 மில்லிகிராம், 10 நிமிடம். பிறகு சலைனில் மூன்று முறை கழுவி, வழக்கம்போல் பிளாக் (வேண்டாத இடத்தில் ஆன்டிபாடி ஒட்டாமல் தடுப்பது), முதல் ஆன்டிபாடி. ஜில்லென்ற சீவலைச் சூடான பெப்சினில் போட்டால் முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது, கணக்கு தவறிவிடும். அதற்குத்தான் முன்சூடு.

கெஃபிரின்93 | 4 மார்ச், காலை 8.10

நேற்றைய 0.5-ஐத் திருத்துகிறேன். 0.15-இல் ஆரம்பியுங்கள். 0.15, 0.3, 0.5, 1 என்று நான்கு அளவு, ஒவ்வொன்றிலும் 5 நிமிடம், 10 நிமிடம். எட்டு கிணறு, அரை நாள் வேலை. பெப்சின் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு வேகம், ஃபிக்ஸ் பண்ணிய நேரத்துக்கும் ஏற்ப மாறும். என் எண்ணை அப்படியே எடுத்தால் உங்கள் சீவல் தூரிகையில் ஒட்டிக்கொண்டு வழவழவென்று சுருளும். அதுதான் அதிகமாகச் செரித்ததற்கு அடையாளம். இன்னொன்று, செல் கருக்களெல்லாம் திடீரென்று மின்னத் தொடங்கும். அப்படி வந்தால் அடுத்த கீழ் அளவுக்கு இறங்குங்கள்.

ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) ஏற்றிய சுண்டெலியாக இருந்தால் அந்த அமிலத்தில் ஜி.எஃப்.பி. ஒளியும் போய்விடும். முன்கூட்டியே சொல்லாமல் விட்டேன்.

சீவல்40 | 4 மார்ச், காலை 9.45

ஜி.எஃப்.பி. இல்லை, தப்பித்தேன். அடுத்த தொகுதி விலங்குகளுக்கு ஃபிக்ஸேஷன் எப்படி வைப்பது? ஃபிக்ஸ் குறைத்தால் திசு கூழாகிவிடாதா?

கெஃபிரின்93 | 4 மார்ச், மதியம் 2.20

கூழாகாது. சூரிக்கில் ஃப்ரிட்ஷி ஆய்வகம் பழக்கிய வழி இது: பாராஃபார்மால்டிஹைடை இதயம் வழியே ஏற்றவே வேண்டாம். ஏற்றுவது ஆக்சிஜன் ஊட்டிய, பனிக்கட்டிக் குளிரில் வைத்த ஏ.சி.எஸ்.எஃப். (செயற்கை மூளைத் தண்டுவட நீர்) மட்டும். ரத்தம் வெளியேறுகிறது, செல் கொஞ்ச நேரம் உயிரோடு தாங்குகிறது. மூளையை எடுத்த பிறகுதான் ஃபிக்ஸ்.

நான் வைக்கும் கரைசல், மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 125, பொட்டாசியம் குளோரைடு 2.5, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25, சோடியம் பைகார்பனேட் 25, குளுக்கோஸ் 25, மெக்னீசியம் குளோரைடு 2, கால்சியம் குளோரைடு 2.5. 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு, குறைந்தது 20 நிமிடம் குமிழ விட்டு அதன் பிறகுதான் கால்சியம். முதலிலேயே கால்சியத்தைக் கொட்டினால் பைகார்பனேட்டோடு சேர்ந்து கலங்கும். பால் மாதிரி ஆனால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள், வடிகட்டி ஒப்பேற்றாதீர்கள்.

ஒரு சுண்டெலிக்கு 15–20 மில்லி, இரண்டு நிமிடம். கல்லீரல் வெளுக்க வேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் மூளைக்கும் சரியாகப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையை நடுவில் பிளந்து ஒரு பாதியை உலர்பனியில் உறைய வையுங்கள், அது பிளாட்டுக்கு. மறுபாதி 4% பாராஃபார்மால்டிஹைடில், பி.எச். 7.4, குளிரில் 90 நிமிடம் முதல் 3 மணி வரை. பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் அடியில் அமரும் வரை, உறைவெட்டு, 40 மைக்ரான், உறைதடுப்புக் கரைசலில் மைனஸ் 20.

இதன் அழகே, ஒரே விலங்கில் பிளாட்டும் சீவலும் கிடைப்பதுதான். "பிளாட்டில் குறைந்தது, படத்தில் கூடியது, இரண்டும் வேறு வேறு விலங்கு" என்ற சண்டையே வராது.

எங்கே சொதப்பும்: மார்பைத் திறந்ததிலிருந்து மூளை ஃபிக்ஸேடிவ்வில் விழுவது வரை ஐந்து நிமிடத்தைத் தாண்டினால். கை பழகாதவர் முதல் நான்கைந்து விலங்கை எண்ணிக்கையில் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஃபார்மலின் கெட்டிப்படுத்தாத மூளை தயிர்போல் இருக்கும். மண்டையோட்டைக் கத்தரியால் தூக்கும்போது கார்டெக்ஸில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் கோடு கடைசிவரை படத்தில் இருக்கும்.

கெஃபிரின்93 | 4 மார்ச், மதியம் 2.35

ஓரக்குறிப்பு: பென்டோபார்பிட்டால் கொடுத்து மயக்குகிறோம், அதுவே காபா-ஏ ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. நாம் எண்ணப்போகும் பொருளிலேயே மருந்தைத் தடவிவிட்டு எண்ணுகிறோம். வேடிக்கைதான். எல்லா விலங்குக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே காத்திருப்பு. பாதிக்கு இது, பாதிக்கு ஐசோஃபுளூரேன் என்று கலக்க வேண்டாம்.

பனுவல்மூளை | 4 மார்ச், இரவு 9.50

எபிடோப் எங்கே என்று கேட்கச் சொன்னீர்கள். விவரத்தாளில் "சி-முனைக்கு அருகில்" என்று மட்டும் போட்டிருந்தால் என்ன செய்வது?

கெஃபிரின்93 | 5 மார்ச், காலை 7.40

கேட்டு எழுதுங்கள். பெப்டைடு வரிசையோ, குறைந்தபட்சம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதோ தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏன் இது முக்கியம்: காபா-ஏ துணையலகு ஒவ்வொன்றும் சவ்வை நான்கு முறை கடக்கிறது. நீளமான என்-முனை (புரத இழையின் தொடக்கம், சி-முனை அதன் முடிவு) வெளியே. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே உள்ள பெரிய வளையம் செல்லுக்குள்ளே. பாலூட்டியில் 19 துணையலகு ஜீன்கள், ஆல்ஃபா மட்டும் ஆறு. ஆல்ஃபாக்கள் தங்களுக்குள் அண்ணன் தம்பி ஜாடை, அதிகம் வேறுபடுவது அந்த உள் வளையத்திலும் என்-முனையின் நுனியிலும்தான். ஆகவே ஒன்றை மட்டும் பிடிக்கும் நல்ல ஆன்டிபாடிகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்துக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். நடுவில் சவ்வுக்குள் ஓடும் பகுதிக்குச் செய்தது என்றால் மற்ற ஆல்ஃபாக்களையும் சேர்த்து அள்ளும் என்று எதிர்பாருங்கள்.

வேலையும் பிரிகிறது. உயிருள்ள நியூரானின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியை மட்டும் எண்ண வேண்டுமா, என்-முனை ஆன்டிபாடிதான். உள்வளைய ஆன்டிபாடி வைத்துக்கொண்டு, டிரைட்டன் (சவ்வில் துளையிடும் சோப்பு) போடாமல், "மேற்பரப்பு மட்டும்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். டிரைட்டன் போடாத செல்லில் அந்த ஆன்டிபாடி ஒன்றையுமே காட்டக் கூடாது. காட்டினால் செல் ஓட்டை.

காமா-2 துணையலகில் இன்னொரு நுணுக்கம். நீளமான வடிவத்தில் அந்த உள்வளையத்தில் 8 அமினோ அமிலம் கூடுதல். எபிடோப் அந்த எட்டின்மேல் விழுந்தால் குட்டை வடிவம் கண்ணிலேயே படாது, நீங்கள் "காமா-2 குறைந்தது" என்று எழுதுவீர்கள்.

கெஃபிரின்93 | 5 மார்ச், காலை 8.00

இனம் விட்டு இனம் தாவும்போதும் எபிடோப்தான் பேசும். பிடி-24 என்று ஒரு பழைய மோனோகுளோனல் (ஒரே குளோனிலிருந்து வரும் ஆன்டிபாடி), 1985 வாக்கில் மோலர் ஆய்வகத்தில் மாட்டு மூளை ஏற்பியைச் சுத்திகரித்து உண்டாக்கியது. மாட்டிலும் மனிதரிலும் ஆல்ஃபா-1-ஐ அருமையாகப் பிடிக்கும். எலியில் பிடிக்காது. எலியின் ஆல்ஃபா-1 மனித ஆல்ஃபா-1-ஐவிட ஒரே ஓர் அமினோ அமிலம் குட்டை, என்-முனையில் ஒரு லூசின் இல்லை. இப்படிச் சின்ன இடத்தில்தான் வாழ்வும் சாவும். கூடப் பிறந்த பிடி-17 பீட்டா-2, பீட்டா-3 இரண்டையும் பிடிக்கும், அது எலியிலும் வேலை செய்யும். ஆக அதை வைத்து "பீட்டா-3" என்று தலைப்பு எழுதக் கூடாது, "பீட்டா-2/3".

சீவல்40 | 6 மார்ச், மாலை 5.15

பெப்சின் 0.3, 10 நிமிடத்தில் புள்ளி வந்துவிட்டது! ஆனால் இப்போது வேறு பயம். இது உண்மையான புள்ளியா, நான் அமிலத்தில் சமைத்த புள்ளியா? ஆன்டிபாடியை எந்தப் பெப்டைடை வைத்து உண்டாக்கினார்களோ அதையே அதனுடன் கலந்து வைத்தேன், சமிக்ஞை முழுக்கப் போனது. அது போதும்தானே?

கெஃபிரின்93 | 6 மார்ச், மாலை 6.40

போதாது. பெப்டைடு கலந்தால் சமிக்ஞை போவது, ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கும் என்பதற்குத்தான் சாட்சி. அதற்குத்தானே அதை உண்டாக்கினார்கள். அந்தப் பெப்டைடைப் போலவே தோற்றமுள்ள வேறு புரதத்தின்மேல் உட்கார்ந்திருந்தாலும் பெப்டைடு அதையும் சேர்த்துத்தான் அழிக்கும்.

பயம் நியாயமானது. பெப்சினும் அமிலமும் புது எபிடோப்புகளைத் திறந்து விடுகின்றன, உங்களுக்கு வேண்டியதும் வேண்டாததும். லோரின்ஸ், நூசர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் இதைத்தான் அடித்துச் சொன்னார்கள்: குறிப்பொருத்தத்தை ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே சோதி. லேசான ஃபிக்ஸில் நாக்-அவுட் (அந்த ஜீனை நீக்கிய விலங்கு) சோதனை தேறிய ஆன்டிபாடியைப் பெப்சின் போட்ட சீவலில் மறுபடி சோதிக்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போனால் அதிலும் ஒரு முறை.

நாக்-அவுட் கையில் இல்லையா, மூளை தானே தந்திருக்கும் சோதனை இருக்கிறது. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாக ஒரு குறுக்குச் சீவல் எடுங்கள். வென்ட்ரோபேசல் கருக்கூட்டத்தில் (இங்கே கரு என்றால் நியூரான் திரள்) ஆல்ஃபா-1 நிறைய. அதை ஒட்டியே சட்டைக் கை மடிப்புபோல் வளைந்து நிற்கும் ரெட்டிகுலார் கருவில், வளர்ந்த விலங்கில், ஆல்ஃபா-1 இல்லை, ஆல்ஃபா-3 உண்டு. ஒரே சீவல், ஒரே கிணறு, ஒரே பெப்சின். எல்லை கத்தி வைத்தாற்போல் விழ வேண்டும். ரெட்டிகுலாரிலும் அதே அடர்த்தியில் புள்ளி இருந்தால் நீங்கள் சமைத்ததுதான்.

ஆல்ஃபா-6-க்கு இன்னும் சுலபம். சிறுமூளைத் துகள் செல்லிலும் காக்ளியர் கருவின் துகள் செல்லிலும்தான் அது. கார்டெக்ஸில் ஆல்ஃபா-6 காட்டும் ஆன்டிபாடியைக் குப்பையில் போடலாம். ஆல்ஃபா-5-க்கு ஹிப்போகேம்பஸின் சி.ஏ.1 பகுதியைப் பார்க்கலாம், அதன் பல்மடிப்பின் மூலக்கூறு அடுக்கைவிட அங்கே தெளிவாக அதிகம்.

பனுவல்மூளை | 6 மார்ச், இரவு 8.30

டெல்டா துணையலகுக்கு? எங்களிடம் இருக்கும் டெல்டா ஆன்டிபாடி ஆல்ஃபா-6 நாக்-அவுட்டின் சிறுமூளையில் ஒன்றுமே காட்டவில்லை. ஆல்ஃபா-6-ஐத்தான் தப்பாகப் பிடிக்கிறது போலிருக்கிறது.

கெஃபிரின்93 | 6 மார்ச், இரவு 9.10

நிறுத்துங்கள், அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆல்ஃபா-6 இல்லாத துகள் செல்லில் டெல்டா புரதமே நிற்பதில்லை. கூட்டாளி போனால் இதுவும் போய்விடும். 1997-இலேயே வந்த செய்தி. உங்கள் ஆன்டிபாடி உண்மையைச் சொல்லியிருக்கிறது.

நாக்-அவுட் தங்கக்கட்டி என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் காபா-ஏ குடும்பத்தில் ஒருவரை எடுத்தால் மற்றவர்கள் இடம் மாறி உட்காருகிறார்கள். டெல்டா நாக்-அவுட்டின் முன்மூளையில் ஆல்ஃபா-4 குறையும், காமா-2 கூடும். காமா-2 போனால் கெஃபிரின் (சினாப்ஸில் ஏற்பியைத் தாங்கும் புரதம்) கொத்துகளே கலைந்துவிடும். காமா-2 முழு நாக்-அவுட் பிறந்த சில நாளில் இறந்துவிடுவதால், வளர்ந்த விலங்கில் பார்க்கக் கட்டுப்படுத்திய (வேண்டிய செல்லில் அல்லது வயதில் மட்டும் ஜீனை நீக்கும்) நாக்-அவுட் வேண்டும். ஆக ஒரு ஆன்டிபாடியை அதற்கே உரிய ஜீனின் நாக்-அவுட்டில் மட்டும் தீர்ப்பு எழுதுங்கள். பக்கத்து ஜீனின் நாக்-அவுட் உயிரியலைச் சொல்லும், ஆன்டிபாடியைச் சொல்லாது.

தலைகீழான பொறி ஒன்று: நாக்-அவுட்டில் எந்த எக்ஸானை (ஜீனில் புரதத்துக்கான குறிப்புள்ள துண்டு) வெட்டினார்கள் என்று பாருங்கள். பின்பக்க எக்ஸானை வெட்டியிருந்தால் முன்பாதித் துண்டுப் புரதம் மிஞ்சக்கூடும், என்-முனை ஆன்டிபாடி அதைப் பிடித்து "நாக்-அவுட்டிலும் தெரிகிறது" என்று பழி வாங்கும்.

ஹெச்.இ.கே. என்ற மனித வளர்ப்புச் செல்லில் ஜீனை ஏற்றிச் சோதிப்பவர்களுக்கு: அந்தச் செல்லில் பீட்டா-3 தானாகவே கொஞ்சம் உண்டு. எதுவும் ஏற்றாத செல்லில் பீட்டா-3 ஆன்டிபாடி மெல்லிய பட்டை காட்டினால் பதற வேண்டாம்.

தண்டுவடம் | 8 மார்ச், காலை 10.05

இழையைக் கொஞ்சம் கீழே இழுக்கிறேன், கழுத்துக்குக் கீழே. கிளைசின் ஏற்பி. பிறந்து மூன்று நாளான எலியின் தண்டுவடத்தில் மேப் 2பி ஆன்டிபாடி சுத்தமாக ஒன்றும் காட்டவில்லை. வளர்ந்த எலியில் அதே நாள் அதே குப்பியில் அருமை.

கெஃபிரின்93 | 8 மார்ச், காலை 11.15

ஆன்டிபாடியும் சரி, எலியும் சரி. மேப் 2பி கிளைசின் ஏற்பியின் ஆல்ஃபா-1 துணையலகின் என்-முனை நுனியை மட்டும் பிடிக்கும் (காபா-ஏ ஆல்ஃபா-1 வேறு). பிறந்த குட்டியில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா-2. மூன்று வாரம் ஆகும்போதுதான் ஆல்ஃபா-1 அந்த இடத்துக்கு வந்து சேரும். குட்டிக்கு மேப் 4ஏ போடுங்கள், அது எல்லா ஆல்ஃபாவையும் பிடிக்கும்.

இரண்டும் சுண்டெலி மோனோகுளோனல், முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடிக்கு வித்தியாசம் தெரியாது, ஆக ஒரே சீவலில் இரண்டையும் போட முடியாது.

மேப் 2பி-க்கு எதிர்மறைச் சோதனை வேண்டுமானால் ஆஸிலேட்டர் சுண்டெலி. ஆல்ஃபா-1 ஜீனைப் படிக்கும் சட்டகம் நழுவி, புரதமே இல்லை. மூன்று வார வயதில் இறந்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஸ்பாஸ்மோடிக் சுண்டெலியை இதற்கு எடுக்காதீர்கள், அதில் ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது, ஏற்பி அங்கேயேதான் இருக்கும்.

கெஃபிரின்93 | 8 மார்ச், பகல் 12.40

எட்டிக்காயைச் சொல்லாமல் கிளைசின் ஏற்பியைப் பேசினால் பாவம். இந்த ஏற்பியை அடைப்பது ஸ்ட்ரிக்னின், எட்டிக்கொட்டையின் நஞ்சு. பெட்ஸ் ஆய்வகம் அமினோஸ்ட்ரிக்னினை மணிகளில் ஒட்டி, தண்டுவடச் சாற்றை அதில் ஓடவிட்டுத்தான் ஏற்பியைப் பிடித்தார்கள். 48, 58, 93 கிலோடால்டன் என்று மூன்று பட்டை வந்தது. அந்தச் சுத்திகரிப்பிலிருந்துதான் 1984-இல் மேப் 2பி, 4ஏ, 7ஏ எல்லாம் பிறந்தன. 93 ஏற்பியே இல்லை, ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி. அதற்குப் பிறகு கிரேக்கத்தில் பாலம் என்று பொருள்பட கெஃபிரின் என்று பெயர் வைத்தார்கள். என் புனைபெயர் அதுதான், யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எட்டி பழுத்தென்ன என்பார்கள், இங்கே பழுத்தது நமக்குத்தான்.

கெஃபிரின்93 | 9 மார்ச், காலை 6.50

நேற்று "4ஏ எல்லா ஆல்ஃபாவையும்" என்று நிறுத்திவிட்டேன். பிளாட்டில் அது 58-ஐயும், அதாவது பீட்டாவையும் காட்டும். சீவலில் ஆல்ஃபா என்று படிக்கிறோம், ஆனால் பிளாட்டில் இரண்டு பட்டை வந்தால் சிதைவு என்று நினைத்துக் கொட்டாதீர்கள்.

பீட்டாவை மட்டும் சீவலில் பார்க்க நம்பகமான ஆன்டிபாடி தேடி அலைய வேண்டாம். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் 2021-இல் ஒளிரும் புரதத்தைப் பீட்டா ஜீனிலேயே கோத்த சுண்டெலியைக் கொண்டுவந்தார்கள்.

கெஃபிரின்93 | 9 மார்ச், காலை 7.30

மேப் 7ஏ பற்றித் தனியாக. எல்லோரும் "கெஃபிரின் ஆன்டிபாடி" என்று போடுவது இதுதான். அது பிடிப்பது செரின்-270 என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய கெஃபிரினை. 2012-இல் இது தெளிவானது. அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளில் (கினேஸ்) ஒன்று சி.டி.கே.5. சி.டி.கே.5 தடுப்பானைக் கொடுத்துவிட்டு 7ஏ-இல் புள்ளி குறைந்தது என்று பார்த்து, "கெஃபிரின் கொத்து கலைந்தது" என்று எழுதினால் அது தவறு. கொத்து அப்படியே இருந்து பாஸ்பேட் மட்டும் போயிருக்கலாம். மொத்த கெஃபிரினுக்கு 3பி11 குளோன் வைத்துப் பக்கத்திலேயே ஒரு பிளாட் ஓட்டுங்கள். மருந்து கொடுத்த சோதனை எதுவானாலும், கினேஸ் பக்கம் கை வைக்காத மருந்தாக இருந்தாலும், நான் இதைச் செய்வேன்.

வளர்ப்புச் செல்லில் 7ஏ-க்கு மைனஸ் 20 மெத்தனால், 5 நிமிடம், ரொம்பத் துலக்கம். ஆனால் அதே கண்ணாடியில் என்-முனை ஆன்டிபாடியால் மேற்பரப்பு ஏற்பியையும் பார்க்க வேண்டுமானால் வரிசை முக்கியம்: முதலில் உயிருள்ள செல்லில் ஏற்பி ஆன்டிபாடி, கழுவு, பிறகு ஃபிக்ஸ், பிறகு துளையிடு, பிறகு 7ஏ. உயிருள்ள செல்லில் 37 டிகிரியில் அரை மணி விட்டால் இரு கை கொண்ட ஆன்டிபாடி ஏற்பிகளை இழுத்துக் கோத்து, நீங்களே கொத்து உண்டாக்கிவிடுவீர்கள், செல் அதை உள்ளேயும் இழுத்துக்கொள்ளும். பனிக்கட்டிமேல் அல்லது அறை வெப்பத்தில் 15–20 நிமிடம் போதும்.

சீவல்40 | 10 மார்ச், மாலை 4.30

பிளாட் பக்கம் வருகிறேன். இந்த முறை 51-இல் பட்டை தடிமனாக, மேலே கிணற்றின் வாயில் ஒரு கறுப்பு. 95 டிகிரி 5 நிமிடம் கொதிக்க வைத்தேன். லோடிங் கன்ட்ரோல் (எல்லாத் தடத்திலும் சம அளவு புரதமா என்று பார்ப்பது) டியூபுலின்.

கெஃபிரின்93 | 10 மார்ச், மாலை 5.00

கொதிக்க வைத்ததுதான். பல முறை சவ்வைக் கடக்கும் புரதத்தைக் கொதிக்க வைத்தால் முட்டைபோல் திரண்டு ஜெல்லுக்குள் இறங்காமல் வாயிலேயே நின்றுவிடும். 37 டிகிரி, 30 நிமிடம். மொத்தச் சாற்றுக்குப் பதில் சவ்வுப் பகுதி எடுங்கள்: 320 மில்லிமோலார் சர்க்கரையில் அரைத்து, 1,000 ஜி-யில் 10 நிமிடம், மேல்நீரை 12,000 ஜி-யில் 20 நிமிடம், அடியில் இருப்பதைக் கரைத்து ஒரு தடத்துக்கு 20 மைக்ரோகிராம். 10% ஜெல்.

டியூபுலினை விடுங்கள். 50-ஐச் சுற்றி மீன்சந்தை நெரிசல்: ஆல்ஃபா-1 51, டியூபுலின் 50–55, ஆன்டிபாடியின் கனச்சங்கிலி 50. ஆக்டின் 42, அது காமா-2-வின் தலைக்குமேல் ஏறும். சோடியம்-பொட்டாசியம் பம்பு 110 பக்கம் தனியாக நிற்கும், அதுவும் சவ்வுப் புரதம், பொருத்தமும்கூட. இம்யூனோபிரசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து எடுத்தல்) செய்து ஆல்ஃபா-1 தேடுபவர்கள், பிடித்த ஆன்டிபாடியும் தேடும் ஆன்டிபாடியும் வெவ்வேறு விலங்கில் உண்டானதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது கனச்சங்கிலியை.

பாஸ்பேட் பார்க்கும் ஆன்டிபாடிக்குப் பால்பவுடர் பிளாக் வேண்டாம், கேசினிலேயே பாஸ்பேட் இருக்கிறது. ஆல்புமின். ஹெச்.ஆர்.பி. நொதி ஒட்டிய ஆன்டிபாடியைச் சேமிக்கும் நீரில் சோடியம் அசைடு போடாதீர்கள், நொதி செத்துவிடும்.

பனுவல்மூளை | 10 மார்ச், இரவு 7.45

என்95/35 ஆல்ஃபா-1 குளோனைச் சுண்டெலியில் போட்டேன். ரத்தக்குழாயெல்லாம் தீபாவளி.

கெஃபிரின்93 | 10 மார்ச், இரவு 8.10

சுண்டெலி ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவில் போட்டால் இரண்டாம் ஆன்டிபாடிக்கு, சுண்டெலி ரத்தத்தின் சொந்த ஆன்டிபாடியும் (ஐ.ஜி.ஜி.) இதுவும் ஒன்றுதான். ரத்தம் ஒழுங்காக வெளியேறவில்லை என்பதையும் அது சொல்கிறது. ஆன்டிபாடியின் ஒற்றைக் கையான ஃபாப் துண்டால் முன்கூட்டி அடைக்கலாம், அறை வெப்பத்தில் ஒரு மணி, நன்றாகக் கழுவி அதன் பிறகே முதல் ஆன்டிபாடி. அதைவிட எலியில் அந்தக் குளோனைப் போடுவதோ, சுண்டெலிக்கு கினிப்பன்றி அல்லது முயல் ஆன்டிபாடி தேடுவதோ மேல். பக்கத்தில் முதல் ஆன்டிபாடியே இல்லாத ஒரு கிணறு எப்போதும் வையுங்கள், தீபாவளி அதிலும் வந்தால் சந்தேகமே இல்லை.

சீவல்40 | 14 மார்ச், காலை 11.50

ஏ.சி.எஸ்.எஃப். முறையில் இரண்டு விலங்கு. பெப்சினே இல்லாமல் புள்ளி. தலாமஸ் எடுத்தேன்: வென்ட்ரோபேசலில் மணல்போல் கொட்டிக் கிடக்கிறது, ரெட்டிகுலார் கருமை, எல்லை நீங்கள் சொன்னதுபோலவே. 63 மடங்கு எண்ணெய் லென்ஸ், பிக்சல் 80 நானோமீட்டர். வி.கேட் (அடக்கும் சினாப்ஸின் அனுப்பும் பக்கத்துப் புரதம்) இரண்டாம் நிறத்தில். ஒரே தொந்தரவு: எண்ணும்போது ரெட்டிகுலாரிலும் செல் உடலைச் சுற்றி பெரிய புள்ளிகள் சில விழுகின்றன. இரண்டு நிறத்திலும் ஒன்றாக. வி.கேட்டோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறது, அதனால் அவை சினாப்ஸ்தான் என்று நினைக்கிறேன்.

கெஃபிரின்93 | 14 மார்ச், பகல் 12.15

நூறு சதவீதம் ஒத்துப்போவதுதான் சந்தேகம். ஏற்பி ஒரு பக்கம், வி.கேட் எதிர்ப்பக்கம். நல்ல படத்தில் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், ஒன்றின்மேல் ஒன்று அச்சாக விழாது. ஆன்டிபாடி எதுவும் போடாத சீவலை அதே லேசர் அளவில், மூன்றாவது காலி நிறத்திலும் சேர்த்து எடுங்கள். விலங்குக்கு வயது என்ன?

சீவல்40 | 14 மார்ச், பகல் 12.40

14 மாதம். காலி நிறத்திலும் இருக்கிறது.

கெஃபிரின்93 | 14 மார்ச், பகல் 12.50

லிப்போஃபஸ்சின். வயதான நியூரானின் கசடு, எல்லா நிறத்திலும் தானே ஒளிரும். 70% ஆல்கஹாலில் 0.1% சூடான் பிளாக், 5–10 நிமிடம், இரண்டாம் ஆன்டிபாடிக்குப் பிறகு, கண்ணாடிவில்லை மூடுவதற்கு முன். உண்மையான சமிக்ஞையும் கொஞ்சம் மங்கும். அதற்கு மனமில்லையென்றால் காலி நிறத்தை ஒரு முகமூடியாக்கி அந்தப் பிக்சல்களை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள். நான் இரண்டாவதைச் செய்வேன்.

சீவலின் மேல் 5 மைக்ரானுக்குள் மட்டும் எண்ணுங்கள். அதற்குக் கீழே ஆன்டிபாடி போய்ச் சேர்ந்திருக்காது.

சீவல்40 | 14 மார்ச், மாலை 6.05

முகமூடி போட்டேன். ரெட்டிகுலாரில் மிஞ்சியது ஒரு படத்துக்கு இரண்டு புள்ளி. அதே அளவில் வென்ட்ரோபேசலை எண்ணி முடிக்க இரவாகும்.